வீல் எங்கே நின்றது?

என் கையெழுத்து தவறு என்று என் கையாலேயே எழுதிய நாள் ஒன்று உண்டு. முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் நாள் அதுதான். இப்போதுதான் உரிமம் வாங்கி, விமானம் பழுது பார்க்கும் ஹேங்கருக்குள் கால் வைத்திருக்கும் உங்களுக்கு அதை விட்டு வேறு எதைச் சொல்வது? எந்த போல்ட்டை எத்தனை முறுக்கு முறுக்க வேண்டும் என்பதற்குப் புத்தகம் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் வேண்டியதில்லை.

நான் கோட்டைக்குப்பத்துக்காரி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மீனவக் குப்பம். நைனா கடலுக்குப் போனவர், அம்மா கூடை தூக்கியவள். கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்த பிறகு அங்கே ரயிலேறி, சென்னைக் கடற்கரையில் மாறி, விமான நிலையத்துக்குப் போய் வந்தேன். பெட்டியில் பக்கத்தில் உட்காரும் பெண்களிடம் ஏரோப்ளேனில் வேலை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "இன்னாக்கா, பெருக்குற வேலையா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, ரெக்கை மேல ஏறிப் பெருக்குவேன்" என்றேன். பாதி உண்மைதானே.

என் பிரிவு, விமானத்தைத் திருப்புகிற, ஏற்றுகிற, இறக்குகிற உறுப்புகள். கூடவே ஆட்டோபைலட். நீங்கள் எல்லோரும் ஆட்டோபைலட் என்றால் விமானிக்கு மாற்றாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு மூளை என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். அதை முதலில் மறந்துவிடுங்கள். அது இன்னொரு கை, அவ்வளவுதான். விமானி முன்னால் இருக்கும் வீலைத் திருப்பினால் வடம் இழுபடும், வடம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கைத் தூண்டும், ஹைட்ராலிக் இறக்கை நுனியில் இருக்கும் எய்லரான் தகட்டை ஏற்றி இறக்கும், விமானம் சாயும். ஆட்டோபைலட் தனக்கென்று தனிப்பாதை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இதே பாதையில்தான் அதுவும் கை வைக்கிறது. அதனால்தான் நான் பார்த்த ரக விமானங்களில், ஆட்டோபைலட் ஓட்டும்போதும் விமானிக்கு முன்னால் அந்த வீல் தானாக அசைந்துகொண்டிருக்கும்.

அந்தக் கைக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு முணுமுணுக்கத் தெரியாது. விமானம் இடப்பக்கம் சாயப் பார்த்தால், வீலை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். ஏன் சாய்கிறாய் என்று கேட்காது. தன் பலத்துக்கு மீறிப் போனால் மட்டும் ஒரு மணி அடித்துவிட்டு, அதுவரை பிடித்திருந்ததை மொத்தமாக விட்டுவிடும். அந்த நொடியில் விமானியின் கைகள் மடியில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்னால், ஒரு விமானத்தின் குறைப் புத்தகத்தில் இப்படி எழுதியிருந்தது: "இறங்கும்போது ஆட்டோபைலட் தானாக விலகியது. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது." டெக் லாக் என்று நாம் சொல்கிற புத்தகம். அதில் என்ஜினீயர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்ப முடியும்.

ஆட்டோபைலட் விலகியதா? அப்படியானால் ஆட்டோபைலட் கம்ப்யூட்டரைப் பார். இது நம் தொழிலுக்கே உள்ள வியாதி. புகாரில் எந்தப் பெட்டியின் பெயர் இருக்கிறதோ அந்தப் பெட்டியைக் கழற்றி மாட்டுவோம். நானும் மாட்டினேன். தரையில் சோதனை ஓட்டினேன், எல்லாம் பச்சை விளக்கு. "கம்ப்யூட்டர் மாற்றப்பட்டது, சோதனை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் விமானத்தை விட்டுவிட்டேன் என்று மேனேஜர் தோளில் தட்டாத குறை. ஹேங்கரில் எனக்கு ராசியான கை என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கும் இருந்தது, மறைப்பானேன்.

பத்து நாள் கழித்து அதே விமானம், அதே புகார். இந்த முறை கேப்டன் வேறு. மறுபடி சோதித்தேன். மறுபடி எல்லாம் பச்சை. "சோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை" என்று இரண்டாவது கையெழுத்து. குறை இல்லை என்று எழுதியபோது எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. இருந்தும் போட்டேன். ஏனென்றால் இயந்திரம் பச்சை காட்டுகிறது, வெளியே பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள், என் கை ராசியான கை.

அதற்கு அடுத்த வாரம் எனக்கு லீவு நாள். கோட்டைக்குப்பத்தில் என் தம்பி தேசப்பனுக்கு அன்று பாடு முறை. எங்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம், அதற்குப் பெயர் பாடு. முறை வந்தவர்தான் அந்த இடத்தில் வலை இறக்கலாம். அவனுடைய கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, விடியற்காலையில் நானே படகேறிவிட்டேன். "ஏரோப்ளேன்காரம்மா நண்டு கடிச்சா அழுவியா?" என்று கிண்டல் பண்ணினான். "உன் வாயை விடவா நண்டு கடிக்கும்?" என்றேன்.

வலையை எடுத்துவிட்டுத் திரும்பும்போது தேசப்பன் எப்போதும் செய்வதைச் செய்தான். என்ஜினை ஓடவிட்டு, சுக்கானைத் திருப்பும் கட்டையைப் படகின் ஓரத்தோடு ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, இரண்டு கையாலும் இறாலைப் பிரிக்க உட்கார்ந்தான். படகு கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. நானும் குனிந்து நண்டைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் இன்னும் நல்ல தூரத்தில் இருந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற நேரம் அது. அங்கே இழுப்பு பலமாக இருக்கும், அதைக் குறுக்கே தாண்டித்தான் கரைக்குப் போக வேண்டும். தேசப்பன் எழுந்து கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்ததுதான் தாமதம், படகு இடப்பக்கம் திரும்பி, நண்டுக்கூடை என் மடியில் கவிழ்ந்தது.

"டேய்! இன்னாடா பண்ற?"

"நான் ஒண்ணும் பண்லக்கா. அது பண்ணுது." கட்டையைக் கையில் பிடித்துப் படகை நிமிர்த்தினான். அவன் முகம் மாறிவிட்டது. ஐஸ் பெட்டியை நகர்த்தி, கீழே இருந்த மூடியைத் திறந்தான். இடப்பக்க அறையில் முக்கால்வாசி தண்ணீர். எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது. கயிறு கட்டையை ஒரு பக்கமாகப் பிடித்து வைத்திருந்ததால் படகு நேராகப் போயிருக்கிறது, எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"இழுப்புல போய் அவுத்திருந்தா?" என்றேன்.

"கவுந்திருப்போம். அதான் இங்கியே அவுக்குறது. நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கியேதான் அவுப்பாங்க. தண்ணி சும்மா கீற எடத்துல கையில புடிச்சுப் பாத்துக்கணும், படகு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு. கயிறு சொல்லாதுக்கா."

நான் தண்ணீரை மொண்டு கொட்டிக்கொண்டே அந்த விமானத்தின் கதையைச் சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவன் கட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தான். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ரெண்டு தபாவும் சரியா கீதுன்னு கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ அந்த மிசினு கயிறு இல்லக்கா. அதுவாச்சும் மணி அடிச்சு வுட்டுச்சு. நீதான் கயிறு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எட்டாவது தாண்டாத பயல், என் தொழிலைப் பற்றி எனக்கே சொல்கிறான்! கரை சேரும் வரை அவனைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை மொண்டு கொட்டினேன். ஆனால் படகு மணலைத் தொடுவதற்கு முன்பே என் கை போனைத் தேடியது. இரண்டாவது புகார் எழுதிய கேப்டனைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், தன்மையான மனிதர்.

"கேப்டன், ஒரே ஒரு விஷயம். ஆட்டோபைலட் விலகுறதுக்கு முன்னாடி, நேரா பறக்கும்போது, உங்க வீல் எங்கே நின்னுச்சு?"

வீலின் தலையில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க. கேப்டன் அதை நினைவில் தேடுகிறார் என்று தெரிந்தது.

"வலது பக்கமாத்தான் நின்னுதுங்க. மூணு கோடு இருக்கும். அந்த விமானம் எப்பவும் கொஞ்சம் அப்படித்தாங்க நிக்கும், எல்லாரும் சொல்லுவாங்க. அதனால எழுதலைங்க மேடம்."

கரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த விமானம் எப்பவும் அப்படித்தான். எத்தனை பேர் பார்த்தும் பார்க்காமல் விட்டது! ஆட்டோபைலட் பழுதாகவே இல்லை. விமானத்தில் ஏதோ ஒன்று அதை இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டோபைலட் மாதக்கணக்கில் மூன்று கோடு எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறங்கும்போது வேகம் கூடினால் இழுப்பும் கூடுகிறது, பலம் போதாமல் விட்டுவிடுகிறது. நான் போய் நன்றாக வேலை செய்கிற கையை வெட்டி வேறு கை ஒட்டிவிட்டு, குறை இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு அந்த விமானம் ஒரு மலையோர ஊருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே குறுக்குக் காற்று பலம். தரைக்குப் பக்கத்தில் அது கையை விட்டுவிட்டால் நிமிர்த்த நேரம் இருக்காது. மேனேஜருக்குப் போன் போட்டு நான் வரும் வரை விமானத்தை விடாதீர்கள் என்று சொன்னேன். "லீவுல இருக்கீங்க மேடம், ரெஸ்ட் எடுங்க" என்றார். நான் மீன் வாசனையோடு, தேசப்பனின் பைக்கில் பொன்னேரி வரை போய், ரயிலேறி, ஒன்றரை மணிக்கு ஹேங்கரில் நின்றேன். ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "உஷாரா போக்கா" என்றான்.

டெக்னீஷியன் பாஷாவைக் கூட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தேன். எய்லரான்கள் சரி. வால் சரி. பிறகு இறக்கையின் முதுகில் படுத்திருக்கும் ஸ்பாய்லர் தகடுகள். விமானம் இறங்கும்போது இவை எழுந்து, தூக்குகிற காற்றைக் கெடுத்து, வேகத்தைக் குறைக்கும். மற்ற நேரத்தில் படிந்து கிடக்க வேண்டும். தரையில் எல்லாமே படிந்துதான் கிடந்தன. தரையில் எப்போதும் படிந்துதான் கிடக்கும், எடை இருக்கிறது, மேலிருந்து இழுக்க ஆளில்லை. வானத்தில்தான் இறக்கைக்கு மேலே காற்று உறிஞ்சி இழுக்கும்.

"பாஷா, ஹைட்ராலிக்கை நிறுத்துங்க. ஒவ்வொரு தகடா கையால மேல தூக்கிப் பாப்போம்."

"தூக்க வராது மேடம். உள்ள வால்வு புடிச்சுக்கும்."

"புடிச்சுக்கணும். புடிச்சுக்குதான்னு பாப்போம்."

வலது இறக்கையில் ஒன்றும் அசையவில்லை. இடது இறக்கையில் முதலாவது அசையவில்லை. இரண்டாவது தகட்டின் விளிம்பில் விரல்களைக் கொடுத்து மேலே தள்ளினேன். பழைய பெட்டி மூடி மாதிரி என் கையோடு எழுந்து வந்தது. பாஷா "யா அல்லா" என்றார். நான் அந்தத் தகட்டைப் பிடித்தபடி நின்றேன். அழ வேண்டும் போல இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. பிடித்து வைக்க வேண்டிய வால்வு தேய்ந்துபோய், பறக்கும்போதெல்லாம் இந்தத் தகடு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து இடது இறக்கையை அமுக்கியிருக்கிறது. மூன்று கோடு.

மேனேஜர் வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்ததும் விமானத்தை நிறுத்திவிட்டார். நிலையத்துக்குள் பயணிகள் கத்திய கத்து ஹேங்கர் வரை கேட்டது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், நல்ல வேலை பண்ணீங்க. இப்போ டெக் லாக்ல புதுக் குறைன்னு எழுதுங்க. 'இன்று நடந்த சோதனையில் ஸ்பாய்லர் தளர்வு கண்டுபிடிக்கப்பட்டது', முடிஞ்சுது. பழைய ரெண்டு பதிவையும் தொடாதீங்க."

"ஏன் சார்?"

"ஏன்னா ரெண்டுலயும் உங்க கையெழுத்து இருக்கு. சேர்த்து எழுதினா விசாரணை வரும். லைசென்ஸை முடக்குவாங்க. இந்த மாசம் நீங்க பிரிவுத் தலைவர் ஆகணும். எதுக்கு இந்தப் பேஜாரு?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றுதான் கண்டுபிடித்தேன். புதுக் குறை என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை, பாராட்டுக் கடிதம் கூட வரும். பெண்களே இல்லாத பிரிவில் அடிமட்டத்தில் ஆரம்பித்து, இறக்கை மேல் ஏறிப் பெருக்கி, முப்பது வருடம் காத்திருந்த நாற்காலி அது. என் பெயர் போட்ட பலகையை அந்தக் கதவில் எத்தனை முறை மனதுக்குள் மாட்டிப் பார்த்திருப்பேன். எடுத்த பேனாவை மறுபடி கீழே வைத்தேன், உங்களிடம் சொல்வதற்கு வெட்கம் எதற்கு?

ஆனால் ஒன்று யோசித்தேன். புதுக் குறை என்று எழுதினால், இன்னொரு ஊரில், இன்னொரு ஹேங்கரில், இதே புகார் வரும்போது அங்கே இருக்கிற ராசியான கை என்ன செய்யும்? கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டும். ஆட்டோபைலட் விலகியதற்கும் இந்தத் தகட்டுக்கும் உள்ள உறவு அந்த இரண்டு பழைய பதிவுகளில்தான் இருக்கிறது. அதை அறுத்துவிட்டால் நான் மூன்றாவது முறையும் கயிறு.

எழுதினேன். "முந்தைய இரண்டு புகார்களுக்கும் காரணம் இதுவே. ஆட்டோபைலட்டில் குறை இல்லை. அது மறைத்துப் பிடித்திருந்த குறையை நான் தேடவில்லை. அந்த இரண்டு பதிவுகளும் என்னுடையவை. இரண்டும் தவறு." கீழே கையெழுத்து. மேனேஜர் படித்துவிட்டு, "உங்களுக்குப் பைத்தியம் மேடம்" என்றார். புத்தகத்தை மூடும்போது மட்டும் மெதுவாக மூடினார்.

விசாரணை வந்தது. மூன்று மாதம் என் உரிமத்தை முடக்கினார்கள். பிரிவுத் தலைவர் நாற்காலி வேறொருவருக்குப் போனது, பிறகு எனக்கு வரவே இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று மீஞ்சூர் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். உரிமம் இல்லாத என்ஜினீயர் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கலாம், கையெழுத்துப் போட முடியாது. மூன்று மாதமும் தினம் போனேன். நேற்று வந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். லீவுக்கு ஊருக்குப் போனால் தேசப்பன், "இன்னாக்கா, உன் ஏரோப்ளேனுல ஓட்டைய அடைச்சிட்டியா?" என்பான். "முதல்ல நீ உன் படகுல அடைடா" என்பேன். அவனுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. நண்டு சுத்தம் பண்ணிக் கொடுத்தேன், அவனுக்குப் புரியும்.

இரண்டாவது மாதம் மேனேஜர் இரண்டு டீயோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு எல்லா ஊர்களிலும் அந்தத் தகடுகளைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வடக்கே ஒரு விமானத்தில் அதே இடத்துத் தகடு அதே மாதிரி எழுந்து வந்திருக்கிறது. அதிலும் இரண்டு முறை கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்களாம். இரண்டு முறையும் சோதனை பச்சையாம். அவர் ஒரு டீயை என் கையில் கொடுத்துவிட்டு, தன் டீயைப் பக்கத்தில் நின்றே குடித்தார். எனக்கு அந்த டீ போதும் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆட்டோபைலட் விலகியது என்று எழுதி வந்தால், பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் போய் விமானியைக் கேளுங்கள், வீல் எங்கே நின்றது என்று. விமானிகள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் சொல்கிறேன். இறங்க ஆரம்பிப்பதற்கு முன்னால், காற்று சும்மா இருக்கும் இடத்திலேயே, வீலைக் கையில் பிடித்துப் பாருங்கள். கோட்டைக்குப்பத்தில் எட்டாவது தாண்டாதவர்கள் தினம் செய்வது உங்களால் முடியாதா?

மூன்று மாதம் முடிந்து உரிமம் கைக்கு வந்த முதல் நாள், வேறொரு விமானம். சின்னப் பழுதுதான், சரி பண்ணிவிட்டேன். டெக் லாக்கில் கையெழுத்துப் போட்டபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். நான் படியில் இறங்கும்போது, எனக்கு முன்பின் தெரியாத ஒரு கேப்டன் உள்ளே ஏறினார். புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இது யார் கையெழுத்து?" என்று உள்ளே கேட்டார்.

படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே இருந்த பாஷாவின் குரல் என் பெயரைச் சொன்னது.

"அந்த ஸ்பாய்லர் மேடமா?" என்றார் கேப்டன். "அப்போ கதவைச் சாத்துங்க, கிளம்பலாம்."